கேள்வி கேட்ட பிள்ளையைச் சர்ப்பம் என்றவர்களுக்கு

ஞாயிறு மாலை வேதபாடக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்திருந்தேன். ஆனால் அந்தக் காணொளித் துண்டு நம் வாட்ஸாப் குழுக்களில் "ஆமென்" வாங்கிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

எட்டாம் வகுப்புப் பையன் அப்படி என்ன கேட்டுவிட்டான்? தேவாலயத்தில் காசு மாற்றும் காசுக்காரரை இயேசு விரட்டியதை யோவான் தம் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே சொல்கிறார், மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் சிலுவைக்கு முந்தின வாரத்தில் சொல்கிறார்கள், ஏன் ஐயா என்றான். அதற்குச் சிறப்புப் பேச்சாளர், ஏதேன் தோட்டத்தில் முதல் கேள்வி கேட்டது சர்ப்பம் என்றார். கூட்டம் சிரித்தது. பையன் வேதாகம உறையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

பன்னிரண்டு வயதில் எருசலேம் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, கேட்கவும் வினாவவும் செய்தவர் யார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். நல்லவேளை, அந்தப் போதகர்கள் நம் ஊர்க் கூட்டத்துக்கு வந்தவர்கள் அல்லர்.

இயேசுவின் வாழ்க்கையை அறிய ஒவ்வொரு சுவிசேஷத்தையும் முழுதாக, தனியாக வாசிக்க வேண்டும்; பிறகு ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நாள்காட்டித் தாளின் வாக்குத்தத்த வசனம் அதற்கு ஈடாகாது. மாற்குவுக்குப் பதினாறே அதிகாரம். நெல்லையில் பேருந்து ஏறினால் நாகர்கோவில் சேர்வதற்குள் முடித்துவிடலாம். மேடைதோறும் முழங்கும் "மூன்றரை ஆண்டு ஊழியம்" எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கொரு முறை வரும் யூதப் பண்டிகையான பஸ்காவை யோவான் எத்தனை முறை குறிப்பிடுகிறார் என்று எண்ணித்தானே? மற்ற மூவரும் அவருடைய ஊழிய நாட்களில் ஒரே பஸ்காவைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் எண்ணினால் ஊழியம், பையன் எண்ணினால் சர்ப்பமா? அவனுக்குச் சொல்லப் பதிலும் இருந்தது. காசுக்காரரை விரட்டியது இருமுறை நடந்தது என்பாரும் உண்டு, யோவான் பொருள் கருதி முன்னால் வைத்தார் என்பாரும் உண்டு.

உபதேசியாராக இருந்த என் தாத்தா, தேரி மணலில் பனைமட்டையால் கலிலேயா, சமாரியா, யூதேயா என்று கோடு கிழித்துத்தான் எங்களுக்குச் சுவிசேஷம் சொன்னார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போவது மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குவது மாதிரி என்பார். ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கம் என்பதைப் பின்னாளில் படித்தபோதுதான், நல்ல சமாரியன் கதையில் கள்ளர் கையில் அகப்பட்டவன் கிடந்த அந்தப் பாழ்வழி என் கண்ணுக்கு வந்தது.

"எழுத்தறியாத ஆச்சிகளின் விசுவாசம் போதாதா?" என்று கேட்பீர்கள். என் ஆச்சிக்கும் எழுத்துத் தெரியாது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த கதையில், "ஸ்திரீகளும் பிள்ளைகளும் தவிர" என்று தாத்தா மத்தேயுவை வாசித்தபோது, "பொம்பளையள ஏன் எண்ணல?" என்று அடுப்படியிலிருந்து கேட்டவளும் அவள்தான். தாத்தா அவளைச் சர்ப்பம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குச் சோறு கிடைத்திராது.

"ஆராய்ச்சி விசுவாசத்தைக் கெடுக்கும்" என்போருக்கு அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "திட்டமாய் விசாரித்தறிந்த" என்று எழுதியவர் லூக்கா. அவரிடம் போய்ச் சண்டை போடுங்கள். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர், ஏற்கெனவே தமிழில் புதிய ஏற்பாடு இருந்தும் மறுபடி மொழிபெயர்க்க உட்கார்ந்தாரே, அது விசுவாசக் குறைவா? ஓய்வுநாள் பள்ளியில் பதினோரு வருடம் பாடம் எடுத்த என்னையும் "அதிகம் படித்தவர்" என்று பட்டம் கட்டி ஓரத்தில் உட்கார வைத்தவர்கள் நீங்கள். அது எனக்குப் பழகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அது பழகக் கூடாது.

"இவ்வளவு பேசுகிறவர் அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்கலாமே?" என்று ஒருவர் கேட்கத்தான் செய்வார். சொல்லவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்தேன், கையில் மைக் வாங்கும் தூரம்தான். மற்றவர்கள் சிரித்தபோது நானும் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.