சிவப்பு வட்டத்துக்குள் இருப்பது என் மகளின் பள்ளி

நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பட்டியலைப் பற்றித்தான். எந்தப் பட்டியல் என்று விளக்க வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே யாரோ உட்கார்ந்து நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பள்ளிகளைத் தேர்ச்சி சதவீதப்படி மேலிருந்து கீழே அடுக்கி, முதல் மூன்றுக்கு நட்சத்திரம் போட்டு, கடைசிப் பள்ளியைச் சிவப்பால் வட்டமிட்டு, 'பிள்ளைகளைச் சேர்க்கும் முன் யோசியுங்கள்' என்று எழுதிவிட்டார். அந்த வட்டத்துக்குள் இருப்பது என் மகள் படித்த பள்ளி. நான் மேலாண்மைக் குழுவில் இருக்கிற பள்ளி. பெயரை நான் எழுதவில்லை. பரப்பியது போதும்.

86.96. இதுதான் நீங்கள் வட்டம் போட்ட எண். இதற்குள்ளே எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டீர்களா? தேர்வு எழுதியது 23 பேர். தேறியது 20 பேர். ஒரு பிள்ளை தோற்றால் எங்களுக்கு 4.35 சதவீதம் போகும். 180 பேர் எழுதுகிற பள்ளியில் ஒரு பிள்ளை தோற்றால் அரை சதவீதம்தான் குறையும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து இது மேலே, இது கீழே என்கிறீர்கள். அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் ஒரே வரிசை, பத்தோடு நிற்கும் உயர்நிலைப் பள்ளியும் பன்னிரண்டு வரை உள்ள மேல்நிலைப் பள்ளியும் ஒரே வரிசை.

ஆனால் எண்ணிக்கை சின்ன விஷயம். நான் கேட்பது வேறு. யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரை வெளியே அனுப்பினார்கள்? இது தெரியாமல் ஒரு பள்ளியின் சதவீதத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

எங்கள் 23 பேரில் 5 பேர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள். எங்கிருந்து வந்தார்கள் என்றால், நீங்கள் நட்சத்திரம் போட்டிருக்கிறீர்களே, அந்த மாதிரிப் பள்ளிகளிலிருந்து. அதில் ஒருவன் என் தங்கை மகன். ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் தங்கையைக் கூப்பிட்டு, 'பையன் இங்கே பத்தாம் வகுப்பைத் தாங்க மாட்டான், அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம், டிசி வாங்கிக்கோங்க' என்றிருக்கிறார்கள். அவள் அழுதுகொண்டே என்னிடம் போன் பண்ணினாள். டிசி கேட்டு அவளையே கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள், அதனால் காகிதத்தில் எல்லாமே பெற்றோர் விருப்பம். அந்தப் பள்ளிக்கு இந்த வருடம் 100 சதவீதம். பாராட்டு பேனர் வைத்திருக்கிறார்கள், நானும் பார்த்தேன்.

அவன் எங்கள் பள்ளியில் தேறிவிட்டான். கணக்கில் 44. அவனையும் சேர்த்து வந்த 5 பேரில் 3 பேர் தேறினார்கள், இரண்டு பேர் தேறவில்லை. இரண்டு பேரையும் அனுப்பிவிட்ட பள்ளிக்கு நட்சத்திரம், எடுத்துக்கொண்ட பள்ளிக்குச் சிவப்பு வட்டம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

உன் பிள்ளை அங்கே படிப்பதால்தான் உனக்குக் கோபம் என்பீர்கள். ஆமாம், அதனால்தான். என் பிள்ளை அங்கே படித்ததால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் 500-க்கு 431 எடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீடுகளுக்கு லட்டு கொடுத்துவிட்டு வந்தவள், மறுநாள் போனைப் பார்த்துவிட்டு, 'அப்பா, நம்ம பள்ளிக்கூடத்தச் சுத்தி வட்டம் போட்டிருக்காவ, பாத்தீயளா' என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. 'அது ஒண்ணும் இல்ல மக்களே' என்றேன். அவள் நம்பவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அரசாங்கமே 2017-ல் மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை நிறுத்தியது. பிள்ளைகளுக்கு நெருக்கடி வேண்டாம் என்றுதானே? அரசு கைவிட்டதை நாம் பள்ளிகளை வைத்துத் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம்.

அப்புறம், நம் கன்னியாகுமரி மாவட்டப் பெருமை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். எல்லோரும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம், நானும் சொல்வேன். அது எப்படி வந்தது? மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே காலத்திலிருந்து, 1818-ல் இன்னொரு மிஷனரி சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்கு வந்ததிலிருந்து, தோள்சேலை போடவும் உரிமை இல்லாதிருந்த வீடுகளின் பிள்ளைகளைப் பள்ளியில் உட்காரவைத்ததால் வந்தது. தேறுகிற பிள்ளையாகப் பார்த்து எடுத்திருந்தால் என் பாட்டிக்கு எழுத்து தெரிந்திருக்காது, இந்தப் பட்டியலைப் போட்டவரின் பாட்டிக்கும் தெரிந்திருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் காசு இல்லை. அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் எல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும், அந்தக் கையால் சோறு பிசைந்து தருவாள். நான் பத்தாம் வகுப்பு காலாண்டில் கணக்கில் 19. அரசுப் பள்ளிதான். கணக்கு சார் என்னைத் திட்டவில்லை. சனிக்கிழமைதோறும் இன்னும் ஆறு பேரோடு தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கணக்கு போட்டு முடித்தால் கட்டன்சாயாவும் பழம்பொரியும் உண்டு. பொதுத்தேர்வில் எனக்கு 38. அந்த ஆறு பேரில் ஒருவன் தேறவில்லை. அந்த வருடம் இப்படி ஒரு பட்டியல் வந்திருந்தால், அந்த ஒருவனுக்காக எங்கள் சாரின் பள்ளியைச் சிவப்பில் வட்டம் போட்டிருப்பீர்கள். எங்களை முதலிலேயே அனுப்பியிருந்தால் அவருக்கும் 100 கிடைத்திருக்கும். எனக்கு என்ன கிடைத்திருக்கும்?

அப்படியென்றால் பள்ளிகளை ஒப்பிடவே கூடாதா என்று ஒருவர் கேட்டார். ஒப்பிடுங்கள் அண்ணே. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதினார்கள் என்று கேட்டு ஒப்பிடுங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் எத்தனை டிசி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கணக்கு ஆசிரியர் இடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது என்று கேளுங்கள், எங்களுக்கு ஏழு மாதம். தோற்றவர்களில் எத்தனை பேரைத் துணைத்தேர்வு எழுதவைத்தார்கள் என்று கேளுங்கள். பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். இதையெல்லாம் போட்டு ஒரு பட்டியல் கொண்டுவாருங்கள், நானே பகிர்கிறேன்.

ஆசிரியர்கள் ஒழுங்காகப் பாடம் எடுப்பதில்லை என்றார் இன்னொருவர். அப்படிச் சிலர் இருக்கிறார்கள்தான், வகுப்பில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி நானே குழுக் கூட்டத்தில் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லவா அந்தப் பட்டியல் போட்டீர்கள்? இல்லை.

நகரத்துக்குள் உள்ளவர்கள் ஒருமுறை மேற்கே வந்து பாருங்கள். வீட்டில் மலையாளம் பேசிவிட்டுத் தமிழில் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் விளவங்கோடு பக்கம் இருக்கிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து காட்டுவழியே இறங்கி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற மீனவ ஊர்களில், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அப்பா திரும்பி வராத வீடுகளின் சின்னப் பிள்ளைகள்தான் இந்த வருடங்களில் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். அவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்கிற பள்ளிகளுக்கும் ஒரே அளவுகோலா? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் எதற்கு வந்தது? எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டதால்தானே?

என்னை அதிகம் வருத்துவது எது தெரியுமா? பட்டியலைப் பரப்பியவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் அதில் உள்ள எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. பஸ்ஸில் வேறு பள்ளிக்குப் போகிறார்கள். போகட்டும், அது உங்கள் விருப்பம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, கடைசியில் நிற்பது யார் என்று நீங்கள் ஏன் விரல் நீட்ட வேண்டும்? இந்த வருடம் ஆறாம் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்த இரண்டு வீட்டார் பட்டியலைப் பார்த்துவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். அதைப் பற்றி அடுத்த வருடம் இன்னொரு பட்டியல் போடுவீர்கள்.

தேறாத மூன்று பேரில் இருவர் மறுபடி எழுதுகிறார்கள், மூன்றாவது பையனின் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் தலைமையாசிரியரும் போகிறோம், அவன் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்று கேள்வி. அந்த இருவரில் ஒரு பெண் கணக்கில் 29 எடுத்தவள், டிசி வாங்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி. துணைத்தேர்வுக்குத் தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், என் மகள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் இரண்டு பேரும் திண்ணையில் இருக்கிறார்கள். மழையில் கரண்ட் போய்விட்டது, எமர்ஜென்சி லைட்டை வைத்துக்கொண்டு முக்கோணவியல் போடுகிறார்கள்.

பட்டியலைப் போட்டவர் என் நட்பு வட்டத்தில்தான் இருக்கிறார், இதைப் படிப்பார். பள்ளி திறந்ததும் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள், நான் கேட் பக்கத்தில் நிற்பேன்.