காசில்லாமல் போட்ட மியூசிக்காம்

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் என் குறும்படத்தைப் பற்றி மேடையில் பேசியதை ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். மூணு நாள் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்குக் காலையில் ஒரு தம்பி, "விடுங்கண்ணே, அவரு பாராட்டித்தான சொன்னாரு" என்று மெசேஜ் போட்டிருந்தான். அதற்குத்தான் இந்தப் பதிவு.

பாராட்டா? மேடையில் இருந்த மூணு பேரில் ஒருத்தர் மைக்கைப் பிடித்து, "பட்ஜெட் இல்ல போல, மியூசிக்கையும் தம்பியே போட்டுக்கிட்டாரு. அடுத்த படத்துக்காவது ஒரு நல்ல மியூசிக் டைரக்டர் அமையட்டும்" என்றால் அதற்குப் பேர் பாராட்டா? கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். முன் வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன செய்ய.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கேமராமேனுக்குக் காசில்லை, நானே எடுத்தேன். லைட்டுக்குக் காசில்லை, வெயிலை வைத்து ஒப்பேற்றினேன். இசை அந்தக் கணக்கில் வராது. காசில்லாததால் போட்டதில்லை அது.

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். 14 நிமிஷம். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற ஒரு பெரியம்மா. விரலெல்லாம் துணி சுற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கும். மறுபடி தலை தெரியும்போது ஒரு மூச்சு விடும் பாருங்கள், அதுதான் எனக்கு முதலில் கிடைத்தது. கதையெல்லாம் அப்புறம். வள்ளத்தில் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்து எண்ணினேன். முங்கல், மூச்சு. முங்கல், மூச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த இடைவெளிக்குக் கீபோர்டில் இரண்டே சுரம் வைத்தேன், ஒரு ச, கீழ்ஸ்தாயியில் ஒரு ப. அதை ஓடவிட்டு அதன் மேல்தான் ஷாட்டுகளை வெட்டினேன். படத்துக்கு மியூசிக் போடவில்லை ஐயா, மியூசிக்குக்குப் படம் போட்டேன். இதை இன்னொருத்தரிடம் கொடுத்து எப்படி வாங்குவது?

பாசிக்குப் போவது மாசத்தில் 12 நாள்தான். அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மீதி நாளில் கீழக்கரையில் நிக்காஹ், தொண்டியில் காதுகுத்து என்று வீடியோ எடுத்து, அந்தக் காசில் வள்ளத்துக்கு டீசல் போட்டேன். கச்சான் காற்றில் மைக்கை நீட்டினால் காற்றைத் தவிர ஒன்றும் கேட்காது. தங்கச்சி மகளுடைய கரடி பொம்மையை உரித்து மைக்குக்கு மாட்டினேன். இன்றைக்கும் போனை எடுத்தால் முதலில் கரடிக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றது. (இது காசில்லாமல் செய்ததுதான். ஒத்துக்கொள்கிறேன்.)

"இசை படிச்சிருக்கியா?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டார். தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவுக்கு எட்டு வருஷம் கீபோர்டு வாசித்திருக்கிறேன். சர்டிபிகேட் இல்லை. போதுமா?

இயக்குநர் இசை போடுவது என்ன உலக அதிசயமா? சத்யஜித் ரே 1961-லிருந்து தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார். நம் ஊரில் டி.ராஜேந்தர் இல்லையா? அவரை எதெதற்கோ கேலி செய்தோம், பட்ஜெட் இல்லாமல் மியூசிக் போட்டார் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. உடனே "நீ என்ன ரேயா?" என்று வருவீர்கள். இல்லை. எனக்கும் தெரியும், கேட்கிற உங்களுக்கும் தெரியும். பிறகு எதற்குக் கேட்பது?

எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தால் தன் குறை தனக்குத் தெரியாது என்பார்கள். அது நியாயம். படத்தைப் பெரியம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். பாதியில், "ஏய்யா, நான் இம்புட்டு நேரமாவா முங்குறேன்? செத்துல்ல போவேன்" என்றது. உண்மைதான். ஒரு இடத்தில் மெட்டு நன்றாக இருக்கிறதே என்று இழுத்துவிட்டேன், அதற்கேற்ப ஷாட்டும் நீண்டுவிட்டது. மேடையில் இருந்த மூணு பேரில் ஒருத்தருக்கும் இது படவில்லை. குறை சொல்வதென்றால் இப்படிச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அந்த "நல்ல மியூசிக் டைரக்டர்" வந்து என்ன போடுவார் என்றும் தெரியும். எங்கள் கடற்கரை என்றாலே தனுஷ்கோடி, இடிந்த சர்ச், மேலே ட்ரோன், பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். 1964 புயலுக்குப் பிறகு இங்கே யாருமே சிரிக்கவில்லை போல. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்போம், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்போம். பாம்பன் பாலத்தில் நின்றால் இந்தப் பக்கம் ஒரு சத்தம், அந்தப் பக்கம் வேறு சத்தம். சென்னையில் ஏசி ரூமில் ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கு இரண்டும் "ஓஷன் வேவ்ஸ்". சென்னை நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, மேடையில் சிரித்த அதே மூவரில் ஒருத்தர் தோளில் கை போட்டு, "தம்பி, அந்த பிட்டை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, நம்ம ரீல்ஸுக்கு போட்டுக்கிறேன். பேரு போட்டுருவோம்" என்றார். பட்ஜெட் இல்லாமல் போட்ட மியூசிக் ரீல்ஸுக்கு மட்டும் ஆகுமாக்கும்.

அனுப்பவில்லை. அம்மாதான் வழியெல்லாம், "அனுப்பியிருக்கலாம்ல, பெரிய மனுசன் கேட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தது.

மேடை வீடியோவை இன்னும் எனக்கே ஃபார்வர்ட் செய்துகொண்டிருப்பவர்களுக்கு: பார்த்துவிட்டேன். ஏழு பேர் அனுப்பியாச்சு, போதும்.