பௌதிகத்தை விட்டு விவசாயத்துக்கு மாறலாமா?

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே கதைதான். பௌதிகவியல் ஏறவில்லை, அதை விட்டுவிட்டு விவசாய விஞ்ஞானம் எடுக்கலாமா? எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையும் இந்தக் கிழமை அதையே கேட்டாள். "அன்ரி, அக்ரிக்கு மாறினா தப்பிடுவன் எண்டு எல்லாரும் சொல்லினம்." பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம். இப்போது மாறக்கூடாது என்பதுதான் என் கருத்து.

மாறுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. தரம் 12இன் முதல் தவணையில் கேட்டிருந்தால், மருத்துவம் வேண்டாம் என்பதில் அவள் தெளிவாக இருந்தால், தாராளமாக மாறு என்றுதான் சொல்லியிருப்பேன். மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலும் கட்டாயம். அது தெரிந்து மாறினால் பிறகு கவலையில்லை.

அவளுடைய பயம் நியாயமானது. கணிதப் பிரிவுப் பிள்ளைகள் எழுதும் அதே பௌதிக வினாத்தாளைத்தான் இவர்களும் எழுதவேண்டும். மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ், அதாவது சாதாரண சித்தி, இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மற்ற இரண்டிலும் ஏ எடுத்துப் பௌதிகத்தில் எஃப் வந்தாலும் அதே கதிதான்.

ஆனால் "அக்ரி சுகம், புள்ளி கொட்டும்" என்று சொல்பவர்கள், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை மறந்துவிடுகிறார்கள். ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியை, அதே பாடத்தை எழுதியவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் இசட் புள்ளி வருகிறது. எல்லோருக்கும் சுகமான பாடத்தில் 65 எடுத்தாலும் பெரிதாக மேலே போக முடியாது. அந்தப் பாடத்தை இரண்டு வருடம் படித்த பிள்ளைகளோடு ஐந்து மாதம் படித்தவள் போட்டியிட வேண்டும். மண், காலநிலை, பயிர்ப் பாதுகாப்பு, கால்நடை வளர்ப்பு, அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பம் என்று அதுவும் முழுப் பாடத்திட்டம்தான். கதைப் புத்தகம் மாதிரி வாசித்துவிட்டுப் போய் எழுத முடியாது.

அவளுடைய கடைசித் தவணைத் தாளை வாங்கிப் பார்த்தேன். இயக்கவியல் கட்டுரை வினாவில் படம் கீறி, விசைகளைக் குறித்து, அதோடு விட்டிருக்கிறாள். சமன்பாடு எழுதப் பயம். ஆனால் வேணியர் இடுக்கிமானி, அலைகள், வெப்பம் எல்லாவற்றிலும் புள்ளி இருக்கிறது. கட்டுரைப் பகுதியில் ஆறு வினாக்களில் நான்கு எழுதினால் போதும். பாடம் முழுக்க விளங்காத பிள்ளையின் தாள் இப்படி இருக்காது. இவளுக்கு வேண்டியது இயக்கவியலைப் பொறுமையாக, கணிதம் தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொல்லித்தரும் ஒருவர். பெரிய மண்டபத்தில் இருநூறு பேரோடு இருந்து ரியூட் எனும் அச்சிட்ட குறிப்புக் கட்டு வாங்கி வருவதால் அது நடக்காது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

சரி, பெறுபேறு வந்து பௌதிகம் உண்மையிலேயே கவிழ்த்துவிட்டால்? அப்போது மாறட்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதலாம். செகண்ட் ஷைக்கு, அதாவது இரண்டாந் தடவைக்கு, ஒழுங்கான கால அவகாசம் இருக்கும், அக்ரியை முதலிலிருந்து படிக்கலாம். ஆனால் அதற்கு முன்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடச் சேர்க்கை கேட்கிறார்கள் என்று தாயும் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்திருந்து பார்க்க வேண்டும். மாமா சொன்னார், ரியூசன் சேர் சொன்னார் என்று முடிவெடுத்துவிட்டு, விண்ணப்பம் நிரப்பும் நாளில் அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அவளுக்கு உண்மையில் என்ன விருப்பம் என்று கேட்டேன். விவசாய பீடம் என்றாள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் படித்த பிள்ளைகளும் போகிறார்கள். அதற்காக அக்ரிக்கு மாறத் தேவையே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தகப்பனிடம் போய் இதைச் சொல்லப்போகிறேன்.