பொத்தானை அமுக்கியவரைத் திட்டாதீர்கள்

கூடங்குளத்தில் ஓர் உலை நின்றுவிட்டது என்று செய்தி வந்தால் போதும், எங்கள் வில்லாபுரம் டீக்கடை இரண்டு கட்சியாகிவிடும். "அன்னைக்கே சொன்னோம்ல, வெடிக்கப் போகுது" என்பார்கள் சிலர். "இத்தனை கோடி கொட்டியும் கரண்ட் ஒழுங்கா வரலையே" என்பார்கள் மற்றவர்கள். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அதை நிறுத்தியவரைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை.

அளவுகள் வரம்பைத் தாண்டினால் உலை தானாகவே ட்ரிப் ஆகிவிடும். அதற்கு முன்பே ஒரு பம்பின் போக்கு சரியில்லை என்று பார்த்து, ஆள் முடிவெடுத்து நிறுத்துவதுதான் கஷ்டம். பொத்தானை அமுக்கினால் சில விநாடிகளில், அணுப்பிளவை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கோல்கள் தம் எடையிலேயே உலைக்குள் விழுந்துவிடும். கூடவே 1000 மெகாவாட் மின்சாரமும் போய்விடும். அதில் பாதிக்கு மேல் நம் மாநிலப் பங்கு. நினைத்தவுடன் திரும்ப ஓட்டவும் முடியாது. உள்ளே சேரும் செனான் வாயு, அணுப்பிளவைத் தொடர வைக்கும் நியூட்ரான் துகள்களை விழுங்குவதால் ஒரு நாளுக்கு மேல்கூடக் காத்திருக்க நேரலாம். இவ்வளவும் தெரிந்துதான் அவர் கை வைக்கிறார்.

இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1993 மார்ச் 31, உத்தரப்பிரதேசம் நரோரா அணுமின் நிலையம். டர்பைனின் இரண்டு தகடுகள் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. ஒரு நிமிடத்துக்குள் ஊழியர்கள் உலையைக் கையால் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கேபிள்கள் எரிந்து, நிலையம் சுமார் 17 மணி நேரம் மின்சாரமே இல்லாமல் கிடந்தது. டார்ச் லைட்டோடு மேலே ஏறி வால்வைத் திறந்து, உலை மறுபடி உயிர்பெறாமல் இருக்க, நியூட்ரான்களை விழுங்கும் போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். இவர்களைப் பற்றி எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கோல்கள் விழுந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கூடங்குளம் உலை ஒவ்வொன்றின் வெப்பத்திறன் 3000 மெகாவாட்; அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எரிபொருளில் மிச்சமிருக்கும் கதிரியக்கத்தால், நின்ற கணத்தில் அந்த 3000 மெகாவாட்டில் 6 சதவீதத்துக்கு மேல், அதாவது 200 மெகாவாட் அளவுக்கு வெப்பம் வந்துகொண்டிருக்கும்; பிறகு மெல்லத்தான் குறையும். 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததுமே உலைகள் ஒழுங்காக நின்றன. குளிர்விக்க வழியில்லாமல் போனதால்தான் உருகின.

பிரேக்கில் ஏதோ சத்தம் கேட்கிறதென்று நடுராத்திரியில் பஸ்ஸை ஓரங்கட்டும் டிரைவரை நாம் எப்படித் திட்டுவோம்? அப்படித் திட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த டிரைவர் சத்தம் கேட்டாலும் ஓட்டத்தான் செய்வார். நஷ்டக் கணக்கைக் காட்டி ஷிப்ட் இன்ஜினியரை நெளியவைக்கும் ஊரும் நிர்வாகமும் அதைத்தான் செய்கின்றன.

அதற்காக நிர்வாகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2019 அக்டோபரில் கூடங்குளத்தில் இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே ஒரு நிர்வாகக் கணினியில் மால்வேர் இருந்தது உண்மைதான் என்றார்கள். அப்புறம் "பழுது காரணமாக நிறுத்தம்" என்ற ஒற்றை வரியை எவன் நம்புவான்? எந்தக் கருவி கெட்டது, ஆள் நிறுத்தினாரா தானாக நின்றதா, குளிர்விக்கும் பம்புகள் எந்த மின்சாரத்தில் ஓடுகின்றன என்று அன்றைக்கே தமிழில் சொல்லட்டும். இன்னும் நான்கு உலைகள் அங்கே வர இருக்கின்றன. அவை ஓடத் தொடங்கும் முன்பே இந்தப் பழக்கம் வந்தாக வேண்டும்.