வாக்களித்த பின் வரும் கணக்கு

தேர்தல் செலவுக் கணக்குக் காட்டாத உள்ளூராட்சி வேட்பாளர்கள் மீது வழக்குத் தொடர வேண்டுமென ஒரு கட்டுரையாளர் வலியுறுத்துகிறார், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இலங்கையின் 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், பெற்ற நன்கொடைகளையும் செய்த செலவுகளையும் முடிவுகள் வெளியாகி 21 நாட்களுக்குள் அறிக்கையிட்டால் போதுமென்பதால், 2025 மே 6 அன்று உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்தவர்கள் எவருக்கும் அக்கணக்கு உதவியிருக்க வாய்ப்பில்லை. வட்டாரப் பிரசாரத்திலோ, ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டியின் வாடகை, எரிபொருள், துண்டுப்பிரசுரம் கொடுக்கும் இளைஞர்களின் சாப்பாடு எனப் பெரும்பாலானவை ரொக்கமாகவே கைமாறுகின்றன. பற்றுச்சீட்டுக் கேட்பவர் அரிது (கேட்டால் சிரிப்பார்கள்). வேட்பாளர்களின் சொத்து, கடன் விபரங்களையாவது வாக்களிப்புக்கு முன்னரே அந்தந்தப் பிரதேச சபையின் அறிவித்தல் பலகையில் தேர்தல் ஆணைக்குழு காட்சிப்படுத்த வேண்டும்.