கண்ணாடி அப்பத்தாவுடையது

“காரைக்குடியில் ஒரு நாய்க்குக் கண் மருத்துவர் பவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார், போட்டதும் கருப்பு வெள்ளையாகத் தெரிந்த உலகம் வண்ணமாகிவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. படத்தில் இருப்பது எங்கள் மணி. கண்ணாடி அப்பத்தாவுடையது. வளவில் மோர் மிளகாயைக் காயப்போட்டுவிட்டுத் தூணோரம் அவர் கழற்றி வைத்ததை, அந்தத் திருடன் கவ்விக்கொண்டு முகப்புக்கு ஓடினான். பிடுங்கி, அவன் மூக்கிலேயே மாட்டிப் படம் எடுத்தவன் நான்தான். ஒரு காதுக் கம்பியில் பல் தடம் இன்னும் இருக்கிறது.

நாய்க்கு உலகம் கருப்பு வெள்ளை அல்ல. நிறம் அறியும் கூம்புச் செல்கள் நம் கண்ணில் 3 வகை, நாய்க்கு 2. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகவே தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதுதான் கடினம். புல்லில் விழுந்த சிவப்புப் பந்தை மணி மோப்பம் பிடித்தே எடுக்கிறான். இல்லாத கூம்புச் செல்லை எந்தக் கண்ணாடியும் தந்துவிடாது.

நாய்களுக்கென்று கடைகளில் விற்கும் கண்ணாடிகள் பெரும்பாலும் தூசிக்கும் வெயிலுக்கும்தான். வயதான நாயின் கண் வெளுத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்புரை என்றால் அறுவை சிகிச்சை உண்டு. மணிக்கு வயது 2. அப்பத்தா செருப்பை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுகிறான்.