யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்பதை நாடு முடிவு செய்யலாமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆஸ்திரேலிய நீச்சல் அணிக்குள் ஒரு புயல் அடித்தது. அணியோடு போயிருந்த பயிற்சியாளர்களில் ஒருவர் மைக்கேல் பால்ஃப்ரே. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தென்கொரியாவின் கிம் வூ-மின் ஜெயிக்க வேண்டும் என்று கொரிய ஊடகத்திடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கிம் அவரிடம் பயிற்சி எடுத்தவர். அதே பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் இலைஜா வின்னிங்டனும் சாமுவேல் ஷார்ட்டும் இறங்குகிறார்கள். ஜூலை 27 அன்று ஜெர்மனியின் லூகாஸ் மெர்டென்ஸ் தங்கம் வாங்கினார், வின்னிங்டன் வெள்ளி, கிம் வெண்கலம். ஷார்ட் நான்காவது. கிம்முக்கும் ஷார்ட்டுக்கும் இடைவெளி 0.14 வினாடி.

ஷார்ட்டின் வீட்டாராக நான் இருந்திருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன். ஆஸ்திரேலியர்களின் கோபத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தக் கோபம் நேராகப் போய் நிற்கும் இடம்தான் எனக்கு ஒப்பவில்லை. "நம் கோச்சுகளிடம் வெளிநாட்டுக்காரர்கள் படிக்கவே கூடாது, தடை போடு" என்ற குரல் அங்கே புதிதல்ல. டெனிஸ் காட்டரெல் என்ற நீச்சல் கோச்சின் காலத்திலிருந்தே கேட்கிறது.

காட்டரெல் கோல்ட் கோஸ்ட்டில் கிராண்ட் ஹாக்கெட்டை வளர்த்தவர். 1500 மீட்டரில் 2000, 2004 என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் ஹாக்கெட். 2001இல் ஃபுகுவோகாவில் அவர் போட்ட 14:34.56 என்ற உலக சாதனை பத்து வருஷம் அசையவில்லை. பளபளக்கும் முழு உடல் நீச்சலுடைகள் வந்து ஆண்களின் மற்ற சாதனைகளை எல்லாம் வாரிக்கொண்டு போன 2008, 2009லும் அது மட்டும் நின்றது. கடைசியில் 2011இல் ஷாங்காயில் அதை உடைத்தவர் சீனாவின் சுன் யாங். அவருக்கும் காட்டரெல்தான் பயிற்சி கொடுத்தார். தன் மாணவனின் சாதனையைத் தன் இன்னொரு மாணவனே உடைப்பதை ஒரு கோச் பார்த்தார். துரோகம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் துரோகம் தெரியவில்லை. முப்பது நாற்பது வருஷம் விடிகாலை இருட்டில் நீச்சல் குளத்து ஓரத்தில் நின்று ஒரு மனிதர் சேர்த்த அறிவு அது. அதை அவர் யாருக்குக் கொடுக்கலாம் என்று பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்ய ஒரு சங்கத்துக்கு என்ன உரிமை?

சுன் யாங்கின் ஊக்கமருந்து விவகாரத்தை இங்கே இழுப்பார்கள், தெரியும். தடைக்காலத்தில் இருப்பவர் யாரோடு பயிற்சி எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்பதற்கு ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் தனியாக இருக்கின்றன. அவற்றைக் கண்டிப்பாக அமல்படுத்தட்டும். அது குற்றத்துக்கான கட்டுப்பாடு. பிறந்த நாட்டுக்கான கட்டுப்பாடு வேறு விஷயம்.

ஆஸ்திரேலியா இந்தத் திறந்த கதவால் இழந்ததை மட்டும் எண்ணுகிறவர்கள், அதே கதவு வழியாக உள்ளே வந்ததையும் எண்ண வேண்டும். கென்னாடி துரெட்ஸ்கி என்ற ரஷ்யப் பயிற்சியாளரை 90களின் தொடக்கத்தில் கான்பெராவிலுள்ள தேசிய விளையாட்டு மையத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவரோடு அவருடைய மாணவர் அலெக்ஸாண்டர் போபோவும் வந்தார். 50, 100 மீட்டர் இரண்டிலும் அன்றைய உலகின் ராஜா. ரஷ்யாவுக்காகப் போட்டியிட்டுக்கொண்டே ஆஸ்திரேலியாவின் குளத்தில் பயிற்சி எடுத்தார். அவரோடு அதே குளத்தில் தினமும் நீந்திய ஆஸ்திரேலியப் பையன் மைக்கேல் கிளிம். 2000 சிட்னியில் 4x100 ரிலேயின் முதல் ஆளாகக் குதித்த கிளிம் 48.18இல் சுவரைத் தொட்டார். அது உலக சாதனை. உடைந்தது போபோவின் 48.21! ஒலிம்பிக்கில் அந்த ரிலேயில் அதுவரை தோற்றதே இல்லாத அமெரிக்கா அன்று தோற்றது. உலகின் முதல் ஆளோடு தினம் சேர்ந்து நீந்திய கிளிம்முக்குக் கிடைத்த பயிற்சி எந்தத் தடைச்சட்டத்தாலும் கிடைத்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த கதை அந்தோணி நெஸ்டியுடையது. சூரினாம் என்ற சின்னஞ்சிறு நாட்டுக்காரர். ஊரில் வசதி இல்லாததால் அமெரிக்காவுக்கு, ஃப்ளோரிடாவிலுள்ள ஒரு பள்ளிக்கு வந்து பயிற்சி எடுத்தார். 1988 சியோலில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் நெஸ்டி 53.00, அமெரிக்காவின் பெரும் நட்சத்திரம் மாட் பியோண்டி 53.01. அமெரிக்கக் குளத்தில், அமெரிக்கக் கோச்சிடம் படித்த பையன் ஒரு அமெரிக்கரின் தங்கத்தை 0.01 வினாடியில் எடுத்துக்கொண்டு போனான். தடை கேட்பவர்களுக்கு இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நெஸ்டி ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்தார், பிறகு அங்கேயே கோச் ஆனார். அமெரிக்க நட்சத்திரங்களான கேட்டி லெடெக்கி, கேலப் டிரெஸ்ஸல், பாபி ஃபின்க் எல்லாம் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள். 2024 பாரிஸில் அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். அங்கே ஃபின்க் 1500 மீட்டரை 14:30.67இல் முடித்து, சுன் யாங்கின் 2012 சாதனையை உடைத்தார். காட்டரெல் கொடுத்த அறிவில் சீனாவுக்குப் போன சாதனையை, அமெரிக்கா ஒரு காலத்தில் கதவைத் திறந்துவிட்ட சூரினாம்காரர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் வலுவானது. 1976 மாண்ட்ரியலில் ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பிய அவமானத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியா மக்கள் வரிப்பணத்தைக் கொட்டி இந்த அமைப்பைக் கட்டியது. கான்பெரா மையம் 1981இல் திறந்தது. அந்தப் பணத்தில் உருவான கோச் போட்டி நாட்டுக்காரரைத் தயார் செய்தால் வரி கட்டியவர் கேட்கத்தானே செய்வார்? கேட்கலாம். அதற்கான விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. தேசிய அணியின் சம்பளத்தில், தேசிய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒலிம்பிக்ஸுக்குப் போகிறவர், அந்த வருஷம் எதிரணி வீரருக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கலாம். சொந்த வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை வெளியே கொடுக்கக் கூடாது என்றும் எழுதலாம். பால்ஃப்ரே தவறியது அந்த இடத்தில்தான். ஆஸ்திரேலியச் சட்டை போட்டிருந்தபோது கிம்முக்காகப் பேசினார். கிம்முக்குக் கற்றுக்கொடுத்தது தவறல்ல. தேசிய அணியின் சம்பளமே வாங்காத கிளப் கோச்சையும் இதில் சேர்த்துக் கட்டிப்போடுவது அநியாயம். வெளிநாட்டு வீரர்கள் தரும் கட்டணத்தில்தான் அவர்களில் பலருடைய குடும்பமும் ஓடும்.

நம் பக்கம் வருகிறேன். நீரஜ் சோப்ரா 2021இல் டோக்கியோவில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றபோது பயிற்சியாளராகக் கூட இருந்தவர் ஜெர்மானியர் கிளவுஸ் பார்டோனியெட்ஸ். அந்தப் போட்டியில் ஜெர்மனியின் யூலியன் வேபர் நான்காவது. வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய இரண்டு செக் வீரர்கள், அந்த நாட்டுக் கோச் யான் செலெஸ்னியின் மாணவர்கள். தன் பிள்ளைகளைத் தோற்கடித்த நீரஜுக்கு 2024 முடிவில் அதே செலெஸ்னி பயிற்சி தர ஒப்புக்கொண்டார். 2025 மே மாதம் தோஹாவில் நீரஜ் முதன்முறையாக 90 மீட்டரைத் தாண்டி 90.23 எறிந்தபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். ஜெர்மனியும் செக் குடியரசும் தடை போட்டிருந்தால் நாம் எப்படிக் கத்தியிருப்போம்?

நாளை நிலைமை திரும்பும். செஸ்ஸில் சென்னைக்கு இருக்கும் பெயருக்கு, வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே கோச் தேடி வருவது இயல்பு. அப்படி வந்து படித்த ஒரு பிள்ளை குகேஷையோ பிரக்ஞானந்தாவையோ ஒரு பெரிய போட்டியில் தோற்கடித்தால் எனக்கும் வலிக்கும். அன்று யாராவது "இனி வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்காதே" என்று கிளம்பினால், இதே பதிவை அவர்களுக்கும் அனுப்புவேன்.